கத்திரி மாமாவுக்கு ஒரு டோக்கன்

கத்திரி என்பது எழுத்தாளர்கள் அவருக்கு வைத்த பெயர். முப்பத்தோரு வருடமாக ஒரே பதிப்பகத்தில் எடிட்டராக இருப்பவர். முந்நூறு பக்கத்தோடு உள்ளே போன நாவல்களை நூற்றெண்பது பக்கத்தோடு வெளியே அனுப்பியவர். முதுகுக்குப் பின்னால் தன்னை அப்படித்தான் அழைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து பெருமைப்பட்டார் என்பதுதான் கேவலம். "மத்தவங்களுக்குப் பட்டம் குடுக்கிறது பல்கலைக்கழகம். எனக்குக் குடுத்தது பாதிக்கப்பட்டவங்க" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் கேட்பதற்கு இருந்தது மனைவி ஒருத்திதான். அவளும் சிரித்ததாக அவருக்கு ஞாபகம். அந்த ஞாபகத்திலும் அவர் எவ்வளவு வெட்டி ஒட்டினாரோ.

மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். இருபத்திரண்டு வருடமாக ஊரார் கையில் ஊசி குத்தியவள். காலை ஏழேகாலுக்கு பஸ் ஏறினால் எட்டு மணிக்கு இறங்குவாள். அந்த முக்கால் மணி நேரமும் போனில் கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டே போவாள். என்ன என்று ஒரு தடவை கேட்டார். "சும்மாங்க, நாலு பேரோட பேசிட்டுப் போறேன்" என்றாள். நாலு பேர்தானே என்று விட்டுவிட்டார்.

அதற்கும் முன்னால், ஆறேழு வருடம் இருக்கும், எட்டுப் பக்கத்தில் ஏதோ எழுதி அவரிடம் நீட்டினாள். மறுநாள் அதை மூன்று பக்கமாக்கித் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் சிவப்பு மையில், "இதில் கதை எங்கே இருக்கிறது?" அவள் கொஞ்ச நாள் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல் எழுதினாள். எதையும் வீணாக்கத் தெரியாதவள்.

எட்டு வாரங்களுக்கு முன்னால், அந்த ஏழேகால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து கண்டக்டர் கடைசி நிறுத்தம் வரை எழுப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா போனைப் பார்த்தீங்களா? தேவையில்லாததை எல்லாம் மூடிரலாம்."

"தேவையில்லாததை எடுக்கிறதுதானே என் தொழில்."

"ஜோக் வருதே, பரவாயில்லை. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார். ஆகவில்லை.

"அதுல கதை ஆப் ஒண்ணு இருக்கும். அதை மட்டும் மூடிராதீங்க. முதல்ல படிங்க."

"என்ன கதை?"

"உங்களுக்கு நிஜமாவே தெரியாதாப்பா?"

"தெரியும், தெரியும்" என்று போனை வைத்தார். ஊருக்கெல்லாம் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் போனால் அதை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எடிட்டர்களுக்குக் கிடையாது.

ஆப்பைத் திறந்தார். எழுதியவர் பெயர் 'ஊசிக்காரி'. தொடரின் பெயர் 'வெறும் வயிற்றில் வரவும்'. நாற்பத்தாறு அத்தியாயம். தொடர்ந்து வாசிப்பவர்கள் 11,203 என்று போட்டிருந்தது. ஏதோ தொலைபேசி எண் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார்.

ஒவ்வொரு அத்தியாயமும் பரிசோதனைக் கூடத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளைப் பற்றியது. முதல் வரி இப்படி இருந்தது: 'சாப்பிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்பதே சரியான பதிலாக இருக்கும் இடம் உலகத்தில் எங்கள் கூடம் ஒன்றுதான்.'

நல்ல வரி. அதுவே அவரை எரிச்சல்படுத்தியது. இரண்டாவது வரி தேவையில்லை என்று பட்டதும்தான் மனசு ஆறியது. கீழே வாசகர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். யாரும் சொந்தப் பெயர் போடவில்லை. எல்லோரும் அந்தக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பதாகப் பாவித்து வரிசையாக எண் வாங்கியிருந்தார்கள். டோக்கன் 88, டோக்கன் 412 என்று. பைத்தியக்காரக் கூட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே மத்தியானம் வரை எழுந்திருக்காமல் வாசித்தார்.

வாசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். அழத் தெரியாத ஆளின் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது. அத்தியாயத்தின் மூலையில் ஒரு பென்சில் படம் இருந்தது. தொட்டார். வாக்கியங்கள் திறந்துகொண்டன. ஒரு பத்தியை எடுத்தார். 'வெளியிடு' என்று ஒரு பொத்தான், அழுத்தினார். இன்னொரு பத்தி, இன்னொரு அழுத்து. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கிழவரின் குடை மூன்று தடவை வந்தது. மொத்தமாகத் தூக்கினார். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ஒரு நோயாளி வந்தார். தன் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பேனாவை எடுத்து, அதில் 'உடனே மருத்துவரைப் பார்க்கவும்' என்ற வரியைக் கூறியது கூறல் என்று அடித்துவிட்டுப் போகிறார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா, பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்று நாலு பத்தியை நீக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டபோது இந்த எட்டு வாரத்தில் முதல் தடவையாகத் திருப்தியாக இருந்தது. மனைவிக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தி. அவர் இருந்த லட்சணம் அவ்வளவு.

போன் மணியடிக்க ஆரம்பித்தது. பிறகு நிற்கவே இல்லை.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த ஆப்பில் 'வெளியிடு' என்பதை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும், 'ஊசிக்காரி புதிதாக வெளியிட்டிருக்கிறார்' என்று பதினோராயிரத்துச் சொச்சம் போன்களில் மணியடிக்கும். அச்சுக்குப் போகும்வரை எத்தனை திருத்தம் போட்டாலும் ஊருக்குக் கேட்காத தொழில் அவருடையது. இங்கே ஒரு அரைப்புள்ளியை எடுத்தாலும் தண்டோரா. அவர் முப்பத்தேழு தடவை அழுத்தியிருந்தார்.

'டோக்கன் 412: அக்கா, எட்டு வாரம். எங்க போயிட்டீங்க? உடம்பு சரிதானே?'

'டோக்கன் 88: அக்கா வந்தாச்சுன்னு அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தேன். பார்த்தா எல்லாம் பழசு. குழம்பு தீஞ்சதுதான் மிச்சம்.'

'டோக்கன் 3,050: ஒன்பதாம் அத்தியாயத்துல அந்தத் தாத்தாவோட குடை எங்க? யார் எடுத்தது? மழை பெய்யுதே அங்க.'

'டோக்கன் 7: நான் எல்லா அத்தியாயத்தையும் படம் எடுத்து வச்சிருக்கேன். இப்ப ஒப்பிட்டுப் பார்த்தேன். மொத்தம் முப்பத்தேழு இடத்துல வெட்டு விழுந்திருக்கு.'

அவர் விரல் விட்டு எண்ணினார். முப்பத்தேழுதான். பதிப்பகத்தில் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மெய்ப்பு பார்க்கிற ஆள் கிடைத்ததில்லையே என்று ஒரு நிமிடம் வியந்துபோனார். பிறகு, யாரும் கேட்காமலே, மனைவியின் பெயரில் பதில் எழுதினார்: 'தங்கள் கருத்துகளுக்கு நன்றி. மிகையான பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன. படைப்பு செறிவு பெற்றுள்ளது.'

பாராட்டு வரும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

'டோக்கன் 7: இது அக்கா இல்லை. செறிவுங்கிற வார்த்தை அக்கா வாயில வராது. யாரோ கணக்கைத் திருடிட்டாங்க. எல்லாரும் புகார் குடுங்க.'

கொடுத்தார்கள். சாயங்காலம் நிறுவனத்திலிருந்து அறிவிப்பு வந்தது. இந்தக் கணக்கை வேறொருவர் பயன்படுத்துவதாக 214 புகார்கள் வந்திருக்கின்றன. கணக்குக்கு உரியவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கேமராவில் தன் முகத்தைக் காட்டி உறுதி செய்ய வேண்டும். தவறினால் படைப்புகள், வரைவுகள் அனைத்தும் நீக்கப்படும்.

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். வெட்டுவதற்கு அதில் ஒரு வார்த்தை இல்லை. வரைவுகள் என்ற இடத்தைத் தொட்டுப் பார்த்தார். நாற்பத்தேழாம் அத்தியாயம், முடியாமல் கிடந்தது. கடைசியாகச் சேமித்த நேரம் காலை ஏழு ஐம்பத்திரண்டு. தேதியை அவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதைத் திறக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் விளம்பரப் பிரிவுப் பெண்ணின் மேஜைக்குப் போய் நின்றார். ஒன்றரை வருடமாக அங்கே வேலை பார்ப்பவள். அதுவரை அவர் அவள் மேஜைக்குப் போனதில்லை, அவள்தான் அவர் மேஜைக்கு வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

"என் நண்பர் ஒருத்தருக்கு ஒரு சிக்கல்மா" என்று தொடங்கி விஷயத்தைச் சொன்னார்.

"செத்துப்போனவங்க கணக்குல உட்கார்ந்து அவங்க எழுதினதை வெட்டினாரா? உங்க நண்பருக்கு என்ன சார், கிறுக்கா?"

"இருக்கலாம்."

"பேரு என்ன?"

"நண்பர் பேரா?"

"எழுதினவங்க பேரு சார்."

"ஊசிக்காரி."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "ஆறு மாசம் முன்னாடி மீட்டிங்ல நான் கொண்டு வந்த பட்டியல்ல முதல் பேரே அதுதான் சார். புத்தகமா போடலாம்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பத்தாயிரம் பேர் ஏறுறாங்கங்கிறதுக்காக பஸ்ஸை இலக்கியம்னு சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அன்றைக்கே அந்தப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அவருடைய வழக்கமான மூன்று வரி மறுப்புக் கடிதம் போனது: 'தங்கள் படைப்பைப் பரிவோடு வாசித்தோம்' என்று தொடங்குவது. அதை அவர் பல வருடங்களுக்கு முன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினார். சத்தமாக வாசித்துக் காட்டியதும் மனைவியிடம்தான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, பரிவோடு வாசித்தோம்னு எழுதுறீங்களே, நிஜமாவே வாசிப்பீங்களா?"

"தலைப்பை வாசிப்போம்" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தன் நகைச்சுவைக்கு இவ்வளவு மதிப்பா என்று அன்றைக்கு அவருக்கு உச்சி குளிர்ந்திருந்தது.

"சார்?" என்றாள் அந்தப் பெண். "யார் சார் உங்க நண்பர்?"

"நண்பர் யாரும் இல்லைம்மா. அது என் வீட்டுக்காரி."

இழவு வீட்டுக்கு அவளும் வந்திருந்தாள். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றது அவருக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அவள் மேஜை மேலிருந்த பேப்பர்களை வெறுமனே அடுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் டோக்கன் 1,906 சார். நேத்து நானும் புகார் குடுத்தேன்." கொஞ்சம் பொறுத்து, "முப்பத்தொண்ணாம் அத்தியாயம் படிச்சீங்களா?"

"படிச்சேன். அந்த நோயாளி நம்பும்படியா இல்லை. நாலு பத்தி எடுத்தேன்."

"கத்திரி மாமாவையா? கதையில அவருக்குப் பேர் இல்லை, கீழே கருத்துல அவங்க அப்படித்தான் சொல்வாங்க. அவர்தான் சார் எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச ஆள்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "சார், அது நீங்க."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு முகமே தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் சமையலறையில் நின்றுகொண்டு சர்க்கரை ரிப்போர்ட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டது இப்போது ஞாபகம் வந்தது. கோடு போட்டுவிட்டு இனிப்பு டப்பாவைத் திறந்ததும்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். பாதிக் கதையைக் கேட்டார். "பதினோராயிரம் பேரா? நம்ம போன நாவல் எத்தனை போச்சு?"

"நூத்திப் பத்து" என்றாள் அந்தப் பெண். "எழுத்தாளர் தன் சொந்தக்காரங்களுக்கு வாங்குனதையும் சேர்த்து."

முன்பெல்லாம் முதலாளி ஒரு கையெழுத்துப் பிரதியைக் கையில் எடுத்து எடை பார்த்து எத்தனை பக்கம் என்று கேட்பார். இப்போதெல்லாம் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறார். "அப்ப உடனே அந்த அம்மாவோட ஒப்பந்தம் போடுங்க" என்றவர், அறை அமைதியாக இருப்பதைக் கவனித்து, அந்த அம்மா யார் என்று புரிந்ததும், கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே திரும்பிப் போனார்.

"மெஷின் அவங்க முகத்தைக் கேட்குது சார்" என்றாள் அந்தப் பெண். "அதுக்கு வழி இல்லை. புகார் குடுத்தவங்களே வாபஸ் வாங்கினாத்தான் விடும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிருங்க."

"நீ எழுதிப் போட்டுர்றியாம்மா?"

"நான் எழுதினா நீங்க வெட்டுவீங்க."

அன்று முழுக்க அவர் எந்த வேலையும் செய்யவில்லை. எட்டு வாரமாக யாரிடமும் அவர் 'இறந்துவிட்டாள்' என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு மகள் சொன்னாள். அலுவலகத்துக்கு மருமகன் சொன்னான். பால் போடுகிறவனுக்கு அவனாகவே தெரிந்துவிட்டது. இப்போது முன்பின் தெரியாத பதினோராயிரம் பேருக்கு, அதுவும் தன் கையால்.

முதலில் எழுதியது மூன்று வரி வந்தது. வாசித்துப் பார்த்தார். மறுப்புக் கடிதம். அழித்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், ஏழேகாலுக்கு, அந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அது என்ன எண்ணமோ. கட்டைவிரலால் தட்டிப் பழக்கமில்லை, வண்டி குலுங்கக் குலுங்கத் தப்பும் தவறுமாக வந்தது. திருத்தாமல் விட்டார். 'நான் ஊசிக்காரியின் கணவன். அவள் இறந்து இன்றோடு எட்டு வாரமும் நாலு நாளும் ஆகிறது. இதே பஸ்ஸில்தான். வெட்டியது நான். அவள் எழுதுவது எனக்குத் தெரியாது. ஒரு தடவை தெரிந்தது, அப்போதும் வெட்டினேன். நீங்கள் கத்திரி மாமா என்று சொல்லும் ஆள் நான்தான். அவளுடைய பழைய வரிகள் என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கின்றன. டோக்கன் 7 அந்தப் படங்களை அனுப்பினால் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிடுகிறேன். அதற்கு இன்னும் முப்பத்தேழு தடவை மணியடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வரவும்.' இப்படியே போயிற்று. குடையைப் பற்றி மன்னிப்புக் கேட்டார். ரிப்போர்ட்டில் கோடு போட்டது உண்மைதான் என்றார். அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தது தெரியாது என்றார். எட்டு மணிக்கு அவள் இறங்கும் நிறுத்தத்தில் இறங்கி, பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, 'வெளியிடு' என்பதை அழுத்தினார்.

வெகுநேரம் மணி அடிக்கவில்லை. பிறகு ஒன்று.

'டோக்கன் 7: நம்பச் சொல்றீங்களா? கோடு போட்டதும் கத்திரி மாமா என்ன செஞ்சார்? அது கதையில வராது. அக்கா எனக்குத் தனியாச் சொன்னது.'

அவர் எழுதினார்: 'இனிப்பு டப்பாவைத் திறந்தேன்.'

அதற்குப் பிறகு வந்தவற்றை அவரால் வரிசையாக வாசிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டும் எழுத்து தெளியவில்லை. டோக்கன் 88 ஒன்றும் எழுதாமல் தன் எண்ணை மட்டும் போட்டிருந்தாள். டோக்கன் 412, 'நான் உடம்பு சரிதானேன்னு கேட்டுட்டேனே' என்று எழுதியிருந்தாள். டோக்கன் 3,050 அவரைக் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தார். திட்டு நன்றாக இருந்தது, ஒரு வார்த்தை மிகையில்லை. ஒன்பது மணிக்குள் படங்கள் வந்து சேர்ந்தன. வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திரும்ப வைத்தார். குடையை மூன்று இடத்திலும் வைத்தார். கத்திரி மாமாவைத் தன் கையாலேயே நாலு பத்தியிலும் திரும்ப ஏற்றினார். புகார்களின் எண்ணிக்கை இருநூற்றுப் பதினாலிலிருந்து தொண்ணூறானது, பதினொன்றானது. ஒன்று மட்டும் ரொம்ப நேரம் நின்றது. அது 3,050 ஆகத்தான் இருக்கும். குடை வந்ததைச் சரிபார்த்த பிறகு அதுவும் போயிற்று. இரண்டரை மணிக்கு நிறுவனத்தின் அறிவிப்பு தானாக மறைந்தது.

'டோக்கன் 7: அக்கா புருஷன்னா எங்களுக்கு மாமாதான், முறை சரியா வருது. டோக்கன் 11,204 உங்களுக்கு. உட்காருங்க மாமா, கூப்பிடுவாங்க.'

அப்போதுதான் அந்த வரைவைத் திறந்தார். நாற்பத்தேழாம் அத்தியாயத்தில் கத்திரி மாமா மறுபடியும் வருகிறார். காத்திருப்பு அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை எல்லாம் நின்று வாசிக்கிறார், கை பேனாவைத் தேடுகிறது. அவர் முறை வருகிறது. எதிரே வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடக்குகிறார், ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஊசிக்கு இவ்வளவு பயந்தவர் ஊரையே எப்படி வெட்டினார் என்று அவள் கேட்டிருந்தாள். கடைசி வரி: 'நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:'

அவ்வளவுதான். முப்பத்தோரு வருட அனுபவத்தில், முக்காற்புள்ளியில் முடியும் பிரதியை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. ஒரு புள்ளி கூட வைக்காமல் அப்படியே வெளியிட்டார்.

மகள் போன் செய்தாள். "அப்பா, பார்த்தேன். கீழ எல்லாரும் அந்த வரியை முடிக்கிறாங்க, பார்த்தீங்களா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நூற்றுக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. டோக்கன் 412, டோக்கன் 88, டோக்கன் 1,906. அதற்குள் விஷயம் முதலாளி காதுக்கும் போய்விட்டது. இந்த வரிகளையும் சேர்த்துப் போட்டால் புத்தகம் நாற்பது பக்கம் கூடுமே என்று செய்தி அனுப்பியிருந்தார். கூடட்டும், ஒரு வரியைத் தொட விடமாட்டேன் என்று இவர் பதில் அனுப்பினார். இவர் போனிலிருந்து பேசுவது யார் என்று முதலாளி கேட்டிருந்தார்.

எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள். வேறு எடிட்டராக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்திருப்பார். இவர் ஒன்றுவிடாமல் வாசித்தார். சாப்பிட்டீங்களா. சாப்பிட்டீங்களா மாமா. சாப்பிட்டீங்களா.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

மணி மூன்றாகியிருந்தது. காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

"இல்லைம்மா" என்றார்.